இலக்குக்கு எந்த இரும்பு?

"இருபது மில்லிமீட்டர் கோச்! ரெண்டு பேர் சேர்ந்துதான் தூக்கிட்டு வந்தோம். இதுக்கு மேல உங்களுக்கு என்னதான் வேணும்?"

துப்பாக்கி சுடும் சங்கத்தின் பொருளாளர் திலீப், புது இலக்குத் தகடுகளுக்காகச் செம்பவாங் கம்பெனி அனுப்பிய மாதிரித் தகட்டை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். தேக்கா மார்க்கெட்டில் தர்பூசணியைக்கூட அவர் அப்படித்தான் வாங்குவார்.

"தடிமன் வேற, ஹார்ட்னஸ் வேற சார்," என்றாள் முனீரா. பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் அவள். "இது கட்டடத்துக்குப் போடுற சாதா ஸ்டீல். தோட்டா பட்டா குழி விழும். அடுத்த தோட்டா அந்தக் குழியில பட்டா, உடைஞ்ச சில்லு சுடுறவங்க பக்கமே திரும்பி வரும். அங்க நிக்கப்போறது என் பிள்ளைங்க."

"அதுக்காக உட்லண்ட்ஸ் கம்பெனியோட அப்பளத்தை வாங்கணுமா? பத்தே மில்லிமீட்டர் லா! விலை வேற ஜாஸ்தி."

"அது ஹார்டன் பண்ணின ஸ்டீல். குழியே விழாது."

திலீப் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் நாலு பேருக்குக் கேட்கிற குரல் அது. "தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு வாரமா ஒத்தக் கால்ல நிக்கிறீங்க. உட்லண்ட்ஸ் கம்பெனியில உங்களுக்கு யாராச்சும் சொந்தக்காரங்களா?"

முனீராவுக்குச் சுருக்கென்றது. எட்டு வருடமாகச் சங்கத்துக்கு உழைத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?

"அங்க எனக்கு யாரும் இல்ல சார். ரெண்டையும் சுட்டுப் பார்ப்போம். நான் சொன்னது தப்பா இருந்தா, இன்னிக்கே கோச் வேலையை விட்டுடுறேன்."

"அவசரப்படாதம்மா," என்றார் தலைவர் அண்ணாதுரை. அவள் அதற்குள் காதுக்கும் கண்ணுக்கும் கவசம் மாட்டியிருந்தாள்.

இரண்டு தகடுகளையும் சற்று முன்பக்கம் சாய்த்துத் தொங்கவிட்டார்கள். தோட்டா போக நடுவில் வட்டம் வெட்டிய வெள்ளை அட்டை ஒன்றை ஒவ்வொன்றுக்கும் முன்னால் நிறுத்தினார்கள். சில்லு திரும்பி வந்தால் அட்டை கிழியும். அவ்வளவுதான் சோதனை.

முதலில் மெல்லிய தகடு. தடுப்புக்குப் பின்னால் நின்று முப்பது முறை சுட்டாள். ஒவ்வொன்றுக்கும் கணீரென்று சத்தம். போய்ப் பார்த்தால் பெயின்ட் மட்டும் உரிந்திருந்தது. சில்லெல்லாம் கீழே மண்ணில் கிடக்க, அட்டை முழுசாக இருந்தது.

அடுத்து தடித்த தகடு. அதற்கும் முப்பது. டொக், டொக் என்று வாங்கிக்கொண்டது. "பார்த்தீங்களா, அசையவே இல்ல!" என்று சிரித்தபடி முன்னால் நடந்த திலீப், பக்கத்தில் போனதும் சட்டென்று நின்றார். தகடு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். அட்டையில் ஏழு கிழிசல்கள்.

ஒரு கிழிசல் சரியாக அவருடைய நெஞ்சு உயரத்தில் இருந்தது. அதில் விரலை விட்டுப் பார்த்தார்.

"சாரி கோச். நான் அப்படிக் கேட்டிருக்கவே கூடாது. உட்லண்ட்ஸ் கம்பெனிக்கே ஆர்டர்."

அண்ணாதுரை கைதட்டினார். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அணி விசிலடித்துக் குதித்தது. முனீரா கவசங்களைக் கழற்றினாள். இனி எந்தப் பிள்ளையும் பயமில்லாமல் சுடலாம்.

"இன்னொரு வேலை இருக்கு," திலீப் தலையைச் சொறிந்தார். "செம்பவாங் முதலாளி இந்த ஆர்டரை ரொம்ப நம்பிட்டு இருக்கார். தினமும் போன் பண்ணிக் கேக்குறார். பாவம், அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"நானே சொல்றேன் சார்."

முனீரா தன் கைப்பேசியை எடுத்து அவரை அழைத்தாள். மறுமுனையில் எடுத்ததும் அவளுக்குச் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை.

"நான் ஜெயிச்சுட்டேன் வாப்பா! உங்க மகளாலயே உங்க ஆர்டர் போச்சு!"