2100, பிப்ரவரி 29

என் வலைப்பதிவில் வரும் விளம்பர வருமானம் டீச்செலவுக்குத்தான் காணும். அதிலும் பாதி, லீப் ஆண்டைப் பற்றிய ஒரே பதிவால் வருவது. நான்கால் வகுபடும் ஆண்டெல்லாம் லீப் ஆண்டு என்று எழுதி, 2100-ஐ உதாரணம் காட்டியிருந்தேன்.

இன்று காலை வருமானப் பட்டியலைத் திறந்தேன். கடைசி வரியில் 29-02-2100, வாசகர் ஒருவர் என்றிருந்தது. பதிவின் அடியில் அதே தேதியில் ஒரு பின்னூட்டம்.

"சார், நீங்க எழுதினத நம்பி வந்துட்டேன். இங்க யாருமே இல்ல. வந்த கதவு திறந்துதான் இருக்கு. கொஞ்சம் சுத்திப் பாத்துட்டுக் கெளம்பறேன்."

கணக்கு டீச்சரான என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"யாரோ உங்களக் கிண்டல் பண்றாங்க. நூறால வகுபட்டா நானூறாலயும் வகுபடணும். 2100 லீப் வருஷமே இல்ல. அரைகுறையா எழுதி மானத்த வாங்காதீங்க, மொதல்ல திருத்துங்க."

'2100-இல் பிப்ரவரி 29 கிடையாது' என்று தடித்த எழுத்தில் திருத்திவிட்டுக் குளிக்கப் போனேன்.

தலை துவட்டிக்கொண்டே வந்து பார்த்தேன். அதே தேதியில் இன்னொரு பின்னூட்டம் வந்திருந்தது.

"சார், கதவ ஏன் எடுத்துட்டீங்க?"