பன்னிரண்டாம் நாள் பெரட்டு

நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய தேயிலைக் கொழுந்தில் இரண்டு கிலோவைக் கூட்டிவிட்டார் தோட்ட நிர்வாகியான துரை. இலங்கையில் பண்டாரவளைக்கு மேலே அந்தத் தோட்டத்தில் பன்னிரண்டு நாளாக வேலைநிறுத்தம்.

சங்கத் தலைவன் விஜேந்திரன் கோயில் வாசலில் முழங்கினான். இரண்டாம் உலக யுத்தத்தில் இங்கிலாந்தின் சர்ச்சில் பேசிய பேச்சைப் போனில் நூறு தடவை கேட்டவன்.

"கடற்கரையில சண்டை போடுவோம், தெருவுல சண்டை போடுவோம், சரணடைய மாட்டோம்னாரு அந்த மனுசன். நாமளும் அப்படித்தான்! மலையில நிப்போம், ரோட்டுல நிப்போம், விட மாட்டோம்!"

கைதட்டல் அடங்குமுன் இராசையா எழுந்தான்.

"அதெல்லாம் சரி தலைவரே. ரெங்கம்மா அக்கா தினமும் விடியக்காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்குப் போய், வேலைக்குப் பேர் குடுக்குதே. அதுக்கு என்ன சொல்றீங்க?"

கூட்டம் திரும்பியது. ரெங்கம்மா பின்வரிசையில் நின்றாள்.

"நிசமா அக்கா?" விஜேந்திரன் கேட்டான்.

"நிசந்தான் தம்பி."

"எத்தனை நாளா?"

"பத்து நாளா."

"துரை பங்களா டீ ருசியா இருக்கோ!" ஒருவன் கத்தினான்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இனி இந்த லயத்து வீடுகள்ல யாரும் ரெங்கம்மாகூடப் பேசக்கூடாது. துரோகிக்கு இதுதான்." தீர்ப்புச் சொல்லிவிட்டான் விஜேந்திரன். அவள் சேலையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

விஜேந்திரன் வீட்டுக்கு வந்தான். அடுப்பில் நெருப்பில்லை.

"நம்ம பய துவாரகன் சாப்பிட்டானா?"

"பிள்ளை மடுவத்துல சாப்பிட்டான். சோறும் பாலும்," என்றாள் மனைவி கம்சலா. வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும் இடம் அது.

"வேலையே இல்ல, பிள்ளை மடுவத்தை எப்படித் திறந்தாங்க?"

"பெரட்டுல ஒருத்தராச்சும் பேர் குடுத்தா திறக்கணும். ஒருத்தரும் இல்லேன்னா பூட்டு. அதுதான் தோட்டத்துச் சட்டம். ரெண்டு நாள் பூட்டிக் கிடந்துச்சு. அறுபது பிள்ளைங்க அழுதுச்சு. பொம்பளைங்க நாங்கதான் கூடிப் பேசி அக்காவை அனுப்புனோம்."

விஜேந்திரன் உட்கார்ந்துவிட்டான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? வெளிய தெரிஞ்சா துரை சட்டத்தையே மாத்திருவாரு. பிள்ளைங்க பசியில கிடந்திருந்தா இந்தப் பன்னிரண்டு நாளு தாங்கியிருப்பீங்களா? உங்க சர்ச்சில் பேசுனாரு, சரி. அப்போ அந்தூருப் பிள்ளைங்களுக்கு யாரு சோறு போட்டாங்கன்னு உங்க போன்ல சொல்லலையா?"

விஜேந்திரன் எழுந்து செருப்பைத் தேடினான்.

"எங்க போறீங்க?"

"அக்கா காலுல விழ."

"விழுங்க. ஆனா ஊரறிய ஒதுக்குன அக்காவை நீங்க மறுபடி சேத்துக்கிட்ட பிறகும் அது பெரட்டுக்குப் போனா துரைக்குச் சந்தேகம் வரும்," என்றாள் கம்சலா, மூலையில் கிடந்த கொழுந்துக் கூடையை எடுத்தபடி. "நாளைக்குப் பெரட்டுல பேர் குடுக்கப் போறது நான். கூட்டத்துல என்னைத் திட்டுறப்போ துரை காதுல விழுற மாதிரி நல்லாச் சத்தமாத் திட்டுங்க."