குச்சியின் மேல் ஒரு பிளாஸ்திரி

போர்வெல் வண்டியோடு மாதக்கணக்கில் வெளிமாநிலம் சுற்றிவிட்டு வீடு வரும் மகுடேஸ்வரன், மனைவி சுகந்தி ஆணுறையை எடுத்து நீட்டும்போதெல்லாம் அவளுடைய இடது கையைப் பிடித்து, தோலுக்கடியில் வைத்திருக்கும் கருத்தடைக் குச்சியைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பான்.

"அதான் இருக்குதல்ல. ஒரு கதவுக்கு எதுக்கு புள்ள ரெண்டு பூட்டு?"

"இது புள்ளைக்குங்க. நீங்க கொண்டார சீக்குக்கு இது என்ன பண்ணும்?"

சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அவன் கொண்டுவந்த நோய்க்கு இரண்டு முறை அவளும் சேர்ந்து மாத்திரை விழுங்கியாயிற்று. சீக்கு என்றால் அவனுக்குக் கோபம் வந்தது. பிள்ளை என்றால்தான் பயம் வந்தது. அதனால் இந்தத் தடவை அவன் வந்து இறங்கும் முன்பே குச்சியின் மேல் பெரிய பிளாஸ்திரி ஒன்றை ஒட்டிக்கொண்டாள்.

"தலைசுத்தல் நிக்கவே இல்லைன்னு ஆஸ்பத்திரில குச்சிய எடுத்துப்போட்டாங்க," என்று ஆணுறையை நீட்டினாள். "இனி எல்லாம் உங்க பொறுப்பு."

அவன் அதை வாங்கவில்லை. கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிப் பொத்தான் போட்டான்.

"அந்தக் கையில எடுத்தா என்ன, இந்தக் கையில வெப்பாங்கல்ல?" என்று அவளுடைய வலது கையைப் பிடித்தான். "கெளம்பு, ஆஸ்பத்திரி இன்னும் மூடியிருக்காது."