பம்புச் சத்தம்

மேல் தண்ணீர்த் தாங்கிக் குழாயில் காற்று அடைத்து, வின்சன்டின் வீட்டு ஷவர் பம்ப் உறுமியதே தவிரத் தண்ணீர் வரவில்லை. திருத்த வந்த நௌபர் காற்றை வெளியேற்றி, பம்புக்கு அடியில் ரப்பரும் வைத்தார். தண்ணீர் கொட்டியது, சத்தம் அடங்கியது.

வின்சன்டின் முகம் வாடிவிட்டது. "தம்பி, அந்தச் சத்தம் திரும்ப வேணும்."

"சத்தமோ, ஐயா?"

வின்சன்ட், மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மகள் சொல்லாமக் கலியாணம் கட்டிட்டா. அவளோட ஒருத்தரும் கதைக்கப்படாது எண்டு சத்தம் போட்டனான். நான் குளிக்கேக்க மனிசி அவளுக்குப் போன் எடுக்கிறவ. பம்ப் சத்தத்தில எனக்குக் கேக்காது எண்டு நினைப்பு."

நௌபர் ரப்பரைக் கழற்றினார். "கதைக்க அந்தக் கொஞ்ச நேரம் காணுமோ, ஐயா?"

"காணாது. பேரன் பிறந்திட்டான். இப்ப நாளுக்கு மூண்டு தரம் குளிக்கிறன்."