மூன்று விரற்கடை

தண்டு தோளில் இறங்கியது.

இறங்கியது மட்டுமல்ல, உட்கார்ந்துகொண்டது. அவருக்கு ஒரு கணம் மூச்சு நின்று வந்தது.

அம்மன் சப்பரத்தின் இடப்பக்கத் தண்டில் முதல் ஆள் அவர். நாற்பத்தோரு வருடமாக அதே இடம். ஆனால் கடைசி எட்டு வருடமாக அந்தத் தண்டு அவர் தோளைத் தொட்டதில்லை.

யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார்.

எழுபத்தொரு வயது ஆளை ஓசைப்படாமல் குறைத்துவிட்டது. முதுகு கூனவில்லை. கால் வளையவில்லை. எந்த வழியாகப் போனதென்றே தெரியாமல் உயரம் போய்விட்டது. தண்டுக்கும் தோளுக்கும் நடுவே காற்று புகுந்தது.

வெறும் கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, சுமக்கிறவரைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு, வருடா வருடம் நான்கு வீதியும் நடந்தார். வாசலில் நின்ற பெண்கள் அம்மனைக் கும்பிட்ட கையோடு அவரையும் கும்பிட்டார்கள்.

அந்தக் கும்பிடுதான் அவரை அரித்தது.

விலகியிருக்கலாம். விலகினால் எட்டுப் பேர் ஏழு பேராகிவிடும். அந்த இடத்துக்கு வர ஊரில் ஆள் கிடையாது. இளவட்டங்கள் எல்லாம் ஓசூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அங்கிருந்தபடி செல்போனில் சப்பரம் பார்க்கிறார்கள். தூக்குகிற எட்டுப் பேரில் இளையவருக்கு வயது அறுபத்தொன்று. இரண்டு பேரன் எடுத்துவிட்டார். அவரை இன்னும் பொடியன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தர்மகர்த்தா போன மாதமே சொல்லிவிட்டார். இந்த வருடம் ஒருவர் தடுமாறினாலும் அடுத்த வருடம் சகடைதான். ரப்பர் சக்கரம் வைத்த வண்டி அது. வந்து இறங்கி, தேரடியில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அம்மனை அதில் ஏற்றிவிட்டால் இரண்டு பேர் தள்ளினால் போதுமாம். மற்றவர்கள் வீட்டு வாசலில் நின்று கும்பிடலாமாம்.

நல்லதுக்குத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எட்டுப் பேருக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

மடப்பள்ளிச் சுவரில் ஒரு கரிக்கோடு உண்டு. சப்பரம் தூக்க வருகிறவரின் தோள் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. முப்பது வயதில் அவர் அதில் அளவெடுத்த மாதிரிப் பொருந்தினார். கொடியேற்றத்தன்று, ஆளில்லாத நேரம் பார்த்து, மறுபடி அங்கே போய் முதுகு ஒட்டி நின்றார்.

மூன்று விரற்கடை குறைந்தது.

அவர் மனைவி பழைய வேட்டியை மடித்து மடித்து, மூன்று விரற்கடைக் கனத்தில் இறுக்கமாக ஒரு சும்மாடு தைத்துக் கொடுத்தாள். எதற்கென்று கேட்கவில்லை. அவர் தோளில் வைத்துப் பார்த்தாள். மேலே துண்டைப் போட்டு மூடினாள்.

எல்லாம் சரியாகத்தான் செய்தார். சுவரை அளந்தவர் ஆட்களை அளக்க மறந்துவிட்டார்.

கீழ வீதியில் பத்தடி வைத்ததுமே அது விளங்கிவிட்டது. தண்டின் முன்பாரம் முழுவதும் அவர் ஒருவர் மேல் இருந்தது. கோடு சுவரில் அப்படியே இருக்கிறது. மற்ற ஏழு பேரும் ஆளுக்கொரு விரற்கடையாவது இறங்கிவிட்டார்கள். அவர் கொஞ்சம் முந்திக்கொண்டவர், அவ்வளவுதான்.

நாற்பது வருடத்துக்கு முந்தைய உயரத்தில் இன்று நடப்பது அவர் மட்டும்தான்.

தோள் எரிந்தது. தொடை நடுங்கியது. பக்கத்திலேயே தர்மகர்த்தா நடந்து வந்தார். அவர் கண் சாமி மேல் இல்லை, தூக்குகிறவர்களின் கால் மேல் இருந்தது.

பிள்ளையார் கோயில் முக்கில் சப்பரம் நின்றது. தண்டுகளுக்குக் கவைக்கம்பு முட்டுக் கொடுத்தார்கள். மண்டகப்படிக்காரர்கள் தேங்காய்த் தட்டோடு முன்னே வந்தார்கள்.

அவர் துண்டுக்குள் கைவிட்டுச் சும்மாட்டை உருவினார். ஒரு மடிப்பை எடுத்துவிட்டால் போதும், தண்டு எல்லோர் தோளிலும் சமமாக இறங்கும். பாரமும் தெரியாது, குட்டும் உடையாது. தையலுக்குள் நகத்தை நுழைத்தார்.

"இந்த வருசம் தண்டு உங்களத் தேடி வந்துட்டே, அண்ணாச்சி."

கோமதிநாயகம். தண்டில் அவருக்கு அடுத்துப் பின்னால் நிற்கிறவர். குரலில் குத்தல் இல்லை. வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

எட்டு வருடம் ஒரு முழத் தூரத்தில் பின்னால் வந்தவருக்கு முன்னால் இருந்த காற்று தெரியாமலா போகும்?

அவர் திரும்பிப் பார்த்தார்.

கோமதிநாயகம் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கழுத்தை ஒட்டித் தோளில் காய்ப்பு. தண்டு அழுத்தி அழுத்தி வருவது. சப்பரம் தூக்குகிற எல்லோருக்கும் உண்டு. ஒரு காலத்தில் இருவருக்கும் கொட்டைப்பாக்கு அளவில் இருந்தது. கோமதிநாயகத்துக்கு அது எலுமிச்சை அளவுக்கு வீங்கி, நடுவில் தோல் வெடித்திருந்தது.

அவர் தன் தோளைத் தடவிப் பார்த்தார்.

வழவழவென்று இருந்தது.

தீபாராதனை முடிந்தது. நாதஸ்வரம் மறுபடி எழுந்தது. கவைக்கம்பை எடுக்கச் சொல்லிப் பொடியன் குரல் கொடுத்தார்.

அவர் நகத்தைத் தையலிலிருந்து எடுத்தார். சும்மாட்டை மடிப்புக் கலையாமல் பழையபடி தோளில் வைத்து, துண்டைப் போட்டு மூடினார். குனிந்து தண்டுக்கு அடியில் போனார். காலை அகட்டி ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

இன்னும் மூன்று வீதி இருந்தது.

பின்னால், கோமதிநாயகத்தின் தோளுக்கும் தண்டுக்கும் நடுவே காற்று போய் வந்தது.