ரோஸ்விதா கேட்டு வாங்கிய ராணி வேஷம்

"ஐம்பது தாண்டின பொம்பளைக்கு ராணி வேஷம் கேக்குதாம்!"

ஃப்ரௌக்கா காபிக் கோப்பையை டொக்கென்று வைத்தாள். ஓபரா கேன்டீனில் கோரஸ்காரர்களான நாங்கள் உருளைக்கிழங்கு சாலடை விட்டுவிட்டு அவளைப் பார்த்தோம். வம்பு கிடைத்தால் எங்களுக்குச் சாப்பாடு வேண்டாம்.

விஷயம் இதுதான். எங்கள் தியேட்டரில் யாருக்கு என்ன வகைக் குரல் என்று ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுவார்கள். மென்குரல்காரிக்கு வேலைக்காரி, காதலி. கனத்த குரல்காரிக்கு ராணி, கொலைகாரி.

எங்கள் கனத்த குரல்காரி வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஃப்ரௌக்கா சின்னப் பெண், மென்குரல். ஆனாலும், "ராணியை நீயே பாடு" என்று டைரக்டர் டீடமான் சொல்லிவிட்டார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்குள் ரோஸ்விதா புகுந்துவிட்டாள். காலமெல்லாம் குறும்புக்கார வேலைக்காரியாகப் பாடியவள். ஃப்ரௌக்காவோடு ஒரே மேக்கப் ரூம் வேறு. நேரே டீடமானிடம் போய், "என் குரல் கனத்துப்போச்சு. வகையை மாத்திப் போடுங்க" என்று நின்றாள். மாற்றிப் போட்டாகிவிட்டது. கனத்த குரல்காரி ஒருத்தி இருந்தால் ராணி அவளுக்குத்தான்.

ரோஸ்விதா சூப்போடு உள்ளே வந்தாள்.

"வாங்க மகாராணி!" என்றாள் ஃப்ரௌக்கா. "பெரிய ஊர்லேருந்தெல்லாம் ஆளுங்க வந்து பாக்கற வேஷம். எனக்கு வந்ததைத் தட்டிப் பறிச்சிட்டீங்களே, நல்லாருக்கா?"

"ஆசைதான்டி. எத்தனை காலம் தட்டு ஏந்திக்கிட்டே வர்றது? நானும் ஒரு தடவை கிரீடம் வெச்சுப் பாக்கறேனே."

"உங்களைப் போய் அக்கா மாதிரி நினைச்சேனே, சீ!"

ரோஸ்விதா சூப்பைக் கலக்கினாள். ஃப்ரௌக்கா அன்றைக்கே பவுடர் டப்பா, சீப்பு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வேறு ரூமுக்குப் போனாள்.

முதல் நாள் காட்சி. திரை விலகுமுன் எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவராக ரோஸ்விதாவின் தோள்மேல் 'தூ, தூ, தூ' என்று பொய்யாகத் துப்பி வாழ்த்தினோம். ஃப்ரௌக்காவும் வந்தாள். ரோஸ்விதா ஆசையாகத் தோளைக் காட்டினாள். ஃப்ரௌக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் அங்கத்தில் அத்தனை வாத்தியமும் முழங்க, ராணி அதற்கு மேலே எழும்பிப் பாடவேண்டும். ரோஸ்விதாவின் குரல் பிளந்தது. மாடி சீட்டுக்காரர்கள் ஊளையிட்டார்கள். அப்படியும் விடவில்லை, சீசன் முடியும்வரை பாடினாள். கடைசியில் பேசினாலே கரகரவென்றுதான் வந்தது. பழைய வேலைக்காரி வேஷத்துக்கும் ஆகாமல், ஹூசும் என்ற ஊரில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்ச் சேர்ந்தாள்.

போகிற அன்று கேன்டீனுக்கு வந்து எல்லோர் கையையும் பிடித்துக்கொண்டாள். ஃப்ரௌக்கா கை நீட்டவே இல்லை. நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கு? அவள் தலை மறைந்ததும், "பேராசை, வேறென்ன" என்றோம்.

மறுநாள் டீடமான் எங்கள் மேஜையில் வந்து உட்கார்ந்தார்.

"அடுத்த சீசன்ல ராணி எனக்குத்தானே?" என்றாள் ஃப்ரௌக்கா.

"அந்த ஓபராவையே தூக்கியாச்சு" என்றார் அவர். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ரோஸ்விதா மட்டும் வந்து சண்டை போடலேன்னா உன்னைத்தான் பாட வெச்சிருப்பேன். எனக்கு ஹால் நிறையணும், அவ்வளவுதான்."

"தனக்கு வேணும்னு சண்டை போட்டாங்களா?"

"அவ குரல் கனக்கவே இல்லம்மா. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். 'ஃப்ரௌக்காவோடது இன்னும் பிஞ்சுக் குரல், இதைப் பாடினா கிழிஞ்சிடும், சொன்னா கேக்கமாட்டா. கிழிஞ்சுதான் ஆகணும்னா பாடி முடிச்ச என் குரல் கிழியட்டும். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு அழுதா."