சுக்குத் தண்ணி ஊற்றிய குட்டை

"நோயக் கண்டுபிடிக்கறேன்னு ரெண்டு மீனை ஐசுல வெச்சு எடுத்துட்டுப் போனாளே, அவ எங்க? இப்ப வரச் சொல்லுங்க அவள."

சௌந்திரம் அத்தை குட்டைக் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். குட்டை முழுக்கக் கட்லா மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. அடுத்த வாரம் பிடிக்க வேண்டிய மீன்கள்.

தங்கசாமி மாமா இடுப்பளவு தண்ணீரில் நின்று, செத்ததை வலையால் அரித்து அரித்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். சொந்த லாரியை விற்றுவிட்டு இந்தக் குட்டையை வெட்டியவர்.

"அந்தப் புள்ளைய வையாத சௌந்திரம். புதங்கிழமையே போன் பண்ணுச்சு. நாந்தான் கேக்கல."

கரையில் நின்ற என் அப்பா கேட்டார்.

"ஏனுங்க மச்சான், நோயின்னு சொல்லியுமா கேக்கல?"

"ஆமாங்க."

"அப்பறம் என்னதான் பண்ணீங்க?"

"சும்மா இருந்துட்டனுங்க."

"சும்மா இருந்தாராமா." அத்தை மறுபடி ஆரம்பித்தார். " இருவது வருசம் லாரி ஓட்டுன மனுசனுக்கு பிரேக்கு எங்க போடோணும்னு தெரியலயே."

கரையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். நான் அந்த 'சும்மா இருந்துட்டனுங்க'வை மனசுக்குள் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். மூக்கில் ஆரம்பித்துத் தொண்டையில் முடிகிறது. பள்ளியில் பேசிக் காட்டினால் என் தோழி டெபோரா உருண்டு உருண்டு சிரிப்பாள்.

எனக்கு யார் குரலும் வரும். எங்கள் தலைமை ஆசிரியை, பள்ளிபாளையம் டவுன் பஸ் கண்டக்டர், சௌந்திரம் அத்தை, எல்லாரும் வருவார்கள். கடைசியாகப் பிடித்தது தீபிகா அக்காவை. தூத்துக்குடிக்காரர், மீன்வளக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர். மீன் சாக ஆரம்பிப்பதற்கு முன்பே அதற்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி.

போன மாதம் அவர் ஐஸ் பெட்டியோடு முதல் தடவை வந்தபோது, மாமா கொழுத்த மீனாகப் பார்த்து எடுத்து நீட்டினார்.

"இது வேண்டாம் சார். சோந்து போய் மேல வந்து கிடக்குல்லா, அதைத் தாங்க."

"ஊடு தேடி வந்த புள்ளைக்கு நோஞ்சானக் குடுக்கறதுங்களா? நல்லா இருக்குமுங்களா?"

கால் மணி நேரம் இதே பேச்சு. கடைசியில் கொழுத்தது ஒன்று, நோஞ்சான் ஒன்று என்று ராசியானார்கள். நான் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று அந்தக் குரலை முழுசாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளே டெபோராவின் போனிலிருந்து மாமாவைக் கூப்பிட்டேன்.

"சார், காலேஜ்ல இருந்து தீபிகா பேசுதேன். உங்க மீனுக்கெல்லாம் சளி புடிச்சிருக்கு சார். சுக்குத் தண்ணி காய்ச்சி ஊத்துங்க."

ஊற்றினார். ரெண்டு அண்டா. கருப்பட்டி போட்டு.

மூணாம் நாள் நேரிலேயே போய், அதே குரலில், "இருமல் நின்னுச்சா சார்?" என்றேன். மாமா ஒரு நிமிஷம் முழித்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட மைதிலி, நீதானா அது. உங்கத்தைகிட்ட மட்டும் சொல்லீறாத சாமி. ஊட்டுக்குள்ள சேத்த மாட்டா."

இப்போது கரையில் நிற்கிறபோது எனக்கு அவர் மேல் கோபமே வந்தது. விளையாட்டுக்குச் சொன்னதற்கு அண்டா அண்டாவாகக் காய்ச்சினார். நிஜமாகவே நோய் என்று சொன்னதற்குச் சும்மா இருந்திருக்கிறார். என்ன மனுசன் இவர்?

மத்தியானம் தீபிகா அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குட்டையையே பார்த்தார்.

"புதன்கிழமையே தீவனத்துல மருந்து கலந்து போட்டிருந்தா, பாதிக்கு மேல பொழச்சிருக்கும்."

"கேட்டுக்குங்க" என்றார் அத்தை. இப்போது கத்தவில்லை. "இனி அடுத்தவன் லாரிய ஓட்டப் போங்க."

"போறேன் சௌந்திரம்."

அக்கா தண்ணீரைக் கொஞ்சம் பாட்டிலில் பிடித்துக்கொண்டார். நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டர் வரைக்கும் கூடவே போனேன். இந்த வருத்தமான குரலையும் பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்றுதான்.

"பாப்பா, உன்கிட்ட ஒண்ணு கேக்கட்டா?" அக்கா பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டே பேசினார். "நான் போன் பண்ணி 'தீபிகா பேசுதேன்'னதுமே சார் சிரிச்சிட்டாங்க. நோயின்னு சொல்ல விடவே இல்ல. 'இந்தத் தடவ ஏமாற மாட்டேன் மைதிலி, ஊட்டுல சுக்குத் தீந்துபோச்சு'ன்னு சொல்லி வெச்சிட்டாங்க. நாலு தடவ திரும்பப் போட்டேன். எடுக்கல. நேர்லயே கிளம்பி வந்திருக்கணும் நான்."

கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு பாப்பா அந்த மைதிலி?"

நான் குட்டைப் பக்கம் திரும்பினேன்.

பின்னால் ஈரம் சொட்டச் சொட்ட மாமா வந்து நின்றிருந்தார். சோர்ந்துபோய், ஆனால் இன்னும் உயிரோடு இருந்த ஒரு மீனை இரண்டு கையிலும் ஏந்தி அக்காவிடம் நீட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்படி இங்க யாருமில்லீங்க. எனக்குத்தான் காது கொஞ்சம் மந்தமுங்க."